பெரியப்பா டெண்டர் போடுகிறார். நான் என்ன பேசலாம்?

வாசகர் கேள்வி

ஐயா, தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே உள்ள கடற்கரைப் பகுதியில், ஓர் அரசு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மீன் ஏலக்கூடமும் வலை பின்னும் கூடமும் கட்ட 85 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் டெண்டர் கோரியிருக்கிறோம். திறப்பதற்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருக்கின்றன.

டெண்டர் போட இருப்பவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர், அப்பாவின் நண்பர். நான் பெரியப்பா என்றுதான் அழைப்பேன். அப்பாவின் வல்லம் உடைந்துபோன வருடம் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர் அவர்தான். போன வாரம் போனில், "அந்த இடத்துக் கிணற்றுத் தண்ணீரே போதுமா, லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்குமா?" என்று கேட்டார். "சோதித்துப் பார்த்துவிட்டோம் பெரியப்பா, தண்ணீர் தேறிவிட்டது, லாரி தேவைப்படாது" என்று சொல்லிவிட்டேன். டெண்டர் ஆவணத்தில் அந்தச் சோதனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எங்கள் மேலதிகாரி, டெண்டர் முடியும்வரை எந்த ஒப்பந்ததாரரின் போனையும் எடுக்கக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். ஆனால் வரைபடத்தில் தகரக் கூரை என்றும் அளவுப் பட்டியலில் கான்கிரீட் தளம் என்றும் இருக்கிறதே, எது சரி என்று வேறு இரண்டு பேர் எழுதிக் கேட்டதற்கு இன்னும் பதில் போகவில்லை. டெண்டர் திறந்த பிறகு எல்லாருடைய விலைகளையும் வரிசைப்படுத்தும் ஒப்பீட்டு அட்டவணை தயாரிக்கப்போவதும் நான்தான். அடுத்த வாரம் எங்கள் மாதா கோயில் கொடியேற்றம். பெரியப்பா குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிட வருவார். என்னைப் படிக்க வைத்தவரிடம் வராதீர்கள் என்று எப்படிச் சொல்வேன்?

– பெயர் வெளியிட விரும்பாத உதவிப் பொறியாளர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, செய்ய வேண்டியதை மட்டும் தனியே எழுதி அனுப்பிவிட்டேன். இது அச்சாகும்போது அந்த டெண்டர் முடிந்திருக்கும். ஊரும் வேலையும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். உங்களைப் போன்ற நிலையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை எத்தனையோ இளைய பொறியாளர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். "ரகசியம் எதையும் சொல்லவில்லையே, ஒரு சந்தேகத்தைத்தானே தீர்த்தேன்" என்று மனம் ஒரு பக்கம் வாதாடும். ஆனால் அந்த ஒரு வரிக்கு விலை உண்டு. நம் கரையில் வேலை எடுக்கும் எவரும், கடலை ஒட்டிய இடத்தில் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும் என்று எண்ணி, லாரித் தண்ணீருக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் விலை எழுதுவார்கள். மணல்மேட்டில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் தனுஷ்கோடியிலும் இந்தக் கரையில் வேறு சில ஊர்களிலும் உண்டு. ஆனால் எந்த இடத்தில் ஊறும், அது கான்கிரீட்டுக்கு ஆகுமா என்பது சோதித்தவருக்கு மட்டுமே தெரியும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குச் சேர்க்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியத் தர விதி 456 சொல்கிறது. உங்கள் அலுவலகம் மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அரசுப் பணத்தில் தெரிந்துகொண்ட விவரம் அது.

ஒருவர் கலவைக்கும், தளம் போட்ட பிறகு நாள்கணக்கில் நனைப்பதற்கும் சேர்த்து லாரித் தண்ணீருக்கு மூன்று லட்சம் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 லட்சத்தில் அது மூன்றரை சதவீதம். இந்த அளவு வேலைகளில் குறைந்த விலையில் முதலில் வந்தவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் இடையே அரை சதவீதமே வித்தியாசம் இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் பெரியப்பா அந்த மூன்று லட்சத்தைக் கழித்துவிட்டு விலை எழுதுவார். மற்றவர்கள் சேர்த்து எழுதுவார்கள். அவர் மனதில் கள்ளம் இல்லை, உங்கள் மனதிலும் இல்லை. ஆனாலும் உறை திறப்பதற்கு முன்பே போட்டி முடிந்துவிடும்.

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் அவருக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் தெரிவிக்க முடியும். ஒன்பது நாள் அதற்குத் தாராளம். டெண்டர் கோரும் அலுவலருக்கு இன்றே ஒரு குறிப்பு எழுதுங்கள். "இன்ன தேதியில், இன்ன ஒப்பந்ததாரர் தொலைபேசியில் கேட்டபோது, பணியிடத்துத் தண்ணீர்ச் சோதனை முடிவைத் தெரிவித்துவிட்டேன். இந்த விவரம் டெண்டர் ஆவணத்தில் இல்லை. அனைவருக்கும் தெரிவிக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." மூன்று வரி போதும். மன்னிப்பு, விளக்கம், குடும்பக் கதை எதுவும் அந்தக் குறிப்பில் வேண்டாம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கோப்பில் ஏற வேண்டும். பிறகு அந்த ஆய்வறிக்கையின் நகலையே இணைத்து ஒரு விளக்க அறிவிப்பை டெண்டர் இணையதளத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. அதன் விதிகள் 2000-இல் வந்தன. திறப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன்புவரை ஒருவர் விளக்கம் கேட்டால் பதில் அனுப்ப வேண்டும், ஆவணம் வாங்கிய அனைவருக்கும் அந்தப் பதிலின் நகல் போக வேண்டும், கேட்டவர் யார் என்பதை மட்டும் சொல்லக்கூடாது என்கின்றன அந்த விதிகள். பெயரை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கேள்வியே ஒருவருடைய கணக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரைப் பற்றி இன்னார் கேட்டார் என்று தெரிந்தால், அவர் எந்த இடத்தில் பணம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்பது மற்றவர்களுக்குப் புரிந்துவிடும்.

இனி உங்கள் மேலதிகாரியின் கட்டளை. அவர் சொன்னதில் பாதி சரி. போனில் பேசக்கூடாது என்பது சரிதான். ஆனால் போனை அடைத்தவர், கேள்வி வருவதற்கு வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தகரமா கான்கிரீட்டா என்று கேட்டவர்களுக்குப் பதில் போகவில்லை என்கிறீர்கள். அது எனக்குத் தண்ணீர் விவகாரத்தைவிடப் பெரிய தவறாகப் படுகிறது. பதில் வராதவர் என்ன செய்வார்? ஊகிப்பார். தகரம் என்று ஊகித்தவர் குறைத்து எழுதுவார், கான்கிரீட் என்று ஊகித்தவர் கூட்டி எழுதுவார். அலுவலகத்துக்குள் ஆள் வைத்திருப்பவர் மட்டும் ஊகிக்க வேண்டியதில்லை. எல்லாரிடமும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டோம், ஆகவே நடுநிலையாக இருந்தோம் என்று நினைப்பது இதனால்தான் தவறு. பதில் இல்லாத மௌனம், எப்போதும் தொடர்பு உள்ளவனுக்குத்தான் சாதகமாக முடிகிறது. அந்த இரண்டு கடிதங்களுக்கும் பதில் போட்டு, திருத்த அறிவிப்பு வெளியிட்டு, தேவையானால் திறக்கும் தேதியை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பதுதான் விதி. கூடுதலாகத் தரக்கூடாது என்று எங்கும் இல்லை.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. அதில் தவறில்லை, மாடு ஒருவருடையது, பணம் இன்னொருவருடையது, மூன்றாமவருக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் ஊர் மீன் ஏலம் அப்படி நடக்காது. நண்டோ கணவாயோ கூடையோடு நடுவில் இருக்கும், ஏலம் கூறுபவர் உரக்கக் கூறுவார், பின்வரிசையில் நிற்கும் பெண்ணுக்கும் கேட்கும். பொதுப் பணத்தில் கட்டும் ஏலக்கூடத்துக்கு டெண்டரைத் துண்டுக்குள் கைவிட்டு முடித்தால், அந்தக் கரையில் அன்றாடம் நடக்கும் ஏலத்துக்கு இருக்கும் நாணயம்கூட நம் அலுவலகத்துக்கு இல்லாமல் போய்விடும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990-களின் நடுப்பகுதி. இந்தச் சட்டமெல்லாம் வருவதற்கு முன்பு, பெட்டியில் சீல் வைத்த உறை போட்ட காலம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையே ஒரு கடலோரக் கிராமத்தில் ஒரு கட்டட வேலை. டெண்டர் போட விரும்புகிறவர்கள் வந்து இடத்தைப் பார்க்கலாம் என்று ஒரு நாள் குறித்திருந்தோம். அன்று பஸ் வரவில்லை. கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சாலை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்து, இடத்தைப் பார்க்க வந்துகொண்டிருந்த ஒரு பெரிய ஒப்பந்ததாரர் ஜீப்பை நிறுத்தினார். ஏறிக்கொண்டேன். வழி நெடுக அவருடைய மகள் திருமணத்தைப் பற்றித்தான் பேசினோம். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிராமத்தில் இறங்கினேன். அங்கே ஐந்தாறு பேர் ஏற்கெனவே பனைமரத்தடியில் காத்திருந்தார்கள். ஒரு சிறிய ஒப்பந்ததாரர், சைக்கிளில் வந்தவர், நான் ஜீப்பிலிருந்து இறங்குவதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாரோடும் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

டெண்டர் ஒழுங்காகத்தான் நடந்தது. ஜீப்காரருக்கு வேலை கிடைக்கவும் இல்லை. ஆனால் சைக்கிளில் வந்தவர் உறை போடவே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு திருமண வீட்டில் அவரைப் பார்த்தபோது, ஏன் அன்று போடவில்லை என்று கேட்டேன். "ஐயா அந்த வண்டியில் வந்து இறங்கினீர்கள். இனி முன்வைப்புத் தொகை கட்டி எதற்கு என்று வீட்டுக்குப் போய்விட்டேன்" என்றார். டெண்டரோடு பிணையாகக் கட்டும் பணத்தைச் சொன்னார். கோபமே இல்லாமல், மழை வந்தது அதனால் வரவில்லை என்பதைப் போலச் சொன்னார். அவர் போட்டிருந்தால் இன்னும் குறைந்த விலைக்கு அந்த வேலை முடிந்திருக்குமோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. போடாத உறையைத் திறந்து பார்க்க வழியில்லை. அதற்குப் பிறகு பணியில் இருந்தவரை, டெண்டர் காலத்தில் எந்த ஒப்பந்ததாரரின் வண்டியிலும் நான் ஏறவில்லை; ஒருமுறை திருப்புல்லாணியிலிருந்து வெகு தூரம் நடந்தே போயிருக்கிறேன்.

உச்ச நீதிமன்றமும் இதே இடத்தைத்தான் தொட்டது. 1979-இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர் விட்டார்கள். பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு உணவக உரிமையாளர், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பிறகு அந்தத் தகுதி இல்லாத ஒருவருக்கே கொடுத்துவிட்டார்கள். அரசு அமைப்பு தானே வகுத்த அளவுகோலுக்குத் தானும் கட்டுப்பட்டது, மனம் போனபடி அதை மீற முடியாது என்றது நீதிமன்றம். அந்த நிபந்தனை தளர்த்தப்படும் என்று தெரிந்திருந்தால் தாங்களும் போட்டியிட்டிருப்போமே என்று சொல்லக்கூடிய, வெளியே நின்றுவிட்ட ஆள்களின் உரிமையைப் பற்றிய தீர்ப்பு அது. வழக்குத் தொடுத்தவர் தாமதமாக வந்தார் என்பது உள்ளிட்ட காரணங்களால் அந்த ஒப்பந்தம் ரத்தாகவில்லை. ஆனால் அந்தக் கொள்கை இன்றும் டெண்டர் வழக்குகளில் எடுத்துச் சொல்லப்படுகிறது. உங்கள் பெரியப்பாவுக்குக் கிடைத்த தண்ணீர் விவரமும், ஒருவருக்கு மட்டும் காதில் சொல்லப்பட்ட நிபந்தனைத் தளர்வும் வேறு வேறு இல்லை.

டெண்டர் திறந்த பிறகு கட்டுப்பாடு இன்னும் இறுகும். திறந்ததிலிருந்து ஒப்பந்தம் யாருக்கு என்று அறிவிக்கும்வரை, ஒப்பந்ததாரர் தாமாக வந்து டெண்டர் கோரும் அலுவலரையோ, ஏற்கும் அலுவலரையோ, ஆய்வுக் குழுவினரையோ தொடர்புகொள்ள முயலக்கூடாது என்கின்றன நம் விதிகள். வெளியிலிருந்து நெருக்கடி கொடுக்க முயன்றால், அதையே காரணமாகக் காட்டி அவரைத் தகுதி நீக்கம் செய்யலாம். இது பலருக்குத் தெரியாது. மதிப்பீடு நடக்கும் விவரத்தையும் உத்தரவு வரும்வரை வெளியே விடக்கூடாது. ஆனால் அலுவலகத்துக்கு உண்மையான ஐயம் வந்தால் கேட்டுத் தெளிவு பெறலாம். ஒருவர் இணைத்த பணி முடிப்புச் சான்றிதழில் தேதி அழிந்திருக்கிறது, தெளிவான நகல் தாருங்கள் என்று எழுதிக் கேட்பது தெளிவு. "உங்கள் விலை கொஞ்சம் கூடுதல், பக்கத்தில் ஒருவர் இருக்கிறார்" என்பது தெளிவு இல்லை, துரோகம். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதாக இருந்தாலும், மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் மட்டும்தான் பேசலாம். இரண்டாமவரை, மூன்றாமவரைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு இடமில்லை.

வெளிநாடுகளிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அதை மௌனக் கூம்பு என்பார்கள். கோழியைப் பஞ்சாரத்தால் மூடுவது போல, டெண்டரை மேலிருந்து கவிழ்த்து மூடிவிடுவது. அங்கே அறிவிப்பு வெளியானது முதல், யாருக்குத் தரப்போகிறோம் என்று அறிவித்து 72 மணி நேரம் கழியும்வரை, கொள்முதல் அலுவலருக்கு எழுத்தில் தவிர வேறு யாரையும் எந்த வழியிலும் தொடர்புகொள்ளக்கூடாது. விடுமுறை நாள்கள் அந்தக் கணக்கில் சேராது. நியூயார்க் மாநிலத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடு: முடிவை மாற்றும் நோக்கத்தோடு யாராவது தொடர்புகொண்டால், அந்த அலுவலர் அவர் பெயரையும் விவரத்தையும் பதிவுசெய்தே ஆக வேண்டும். இந்தப் பதிவேட்டை நம் ஊர் அலுவலகங்களிலும் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எழுதி வைப்பார்கள் என்று தெரிந்தாலே பாதி போன் வராது.

போன் என்றதும் இன்னொன்று. உங்களுக்கு வரும் போன்கள் ஒப்பந்ததாரர்களிடமிருந்து மட்டும் வராது. பதவியில் இருப்பவரின் உதவியாளர் ஒருவர், "நம்ம ஆள்தான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். மூன்று வருடப் பணி அனுபவம் உள்ள ஒருவருக்கு அதைக் கோப்பில் எழுதுவது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் மேலதிகாரிக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அதையும் செய்ய முடியாத சூழல் என்றால், நாள், நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை உங்கள் நாட்குறிப்பிலாவது எழுதி வையுங்கள்.

ஊருக்குள் மிக அதிகமாகக் கசியும் விவரம் விலை இல்லை. யார் யார் போடுகிறார்கள் என்பதுதான். டீக்கடையில் சாதாரணமாகக் கேட்பார்கள்: "எத்தனை பேர் ஆவணம் எடுத்திருக்கிறார்கள்?" நான்கு பேர் என்று நீங்கள் சொன்னால், மாலைக்குள் அந்த நான்கு பேரையும் ஒருவர் ஒரே மேசையில் உட்கார வைத்துவிடுவார். இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பேசி முடித்துவிட்டு, மூன்று பேர் ஒப்புக்கு உயர்ந்த விலை போடுவார்கள். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி இது தடை செய்யப்பட்டது, அபராதம் உண்டு. ஒருமுறை எங்களுக்கு வந்த மூன்று உறைகளில் முன்வைப்புத் தொகைக்காக இருந்த மூன்று வங்கி வரைவோலைகளும் ஒரே கிளையில், அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருந்தன. மூன்று கடிதங்களிலும் எங்கள் அலுவலகத்தின் பெயரில் ஒரே எழுத்துப் பிழை. போட்டியாளர்கள் மூவரும் ஒரே வரிசையில் நின்று வரைவோலை எடுத்திருக்கிறார்கள்! யார் போடுகிறார்கள் என்ற பட்டியல் எங்கள் அலுவலகத்திலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. யாரும் காசு வாங்கவில்லை. அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத நகல்களைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள், அவ்வளவுதான். இப்போது எல்லாம் இணையத்தில் நடந்தாலும் அந்தக் கடையும் கூடையும் இன்னும் இருக்கின்றன. கூடவே வாட்ஸ்அப் குழுக்களும் வந்துவிட்டன. ஒப்பந்ததாரர்கள் இருக்கும் குழு எதிலாவது நீங்கள் இருந்தால் வெளியேறிவிடுங்கள்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. இந்தக் கட்டுப்பாடு டெண்டரில் ஒருவருக்குச் சாதகம் தேடும் பேச்சுக்குத்தான். முறைகேட்டைப் புகார் செய்ய வருபவரின் வாயை இதைக் காட்டி அடைக்கக்கூடாது. லஞ்சம் கேட்டார்கள் என்று ஒருவர் சொன்னால், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்குப் போகச் சொல்லுங்கள். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாள்களுக்குள் தெரிவித்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு.

இனி உங்கள் பெரியப்பா. கடிதத்தின் பாரம் முழுவதும் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நகரத்து அலுவலகங்களுக்காக எழுதிய விதியை நம் கடற்கரை ஊர்களில் அப்படியே நடத்துவது கடினம். அங்கே ஒப்பந்ததாரரை அலுவலகத்தில் மட்டும்தான் பார்ப்பார்கள். இங்கே காலையில் கரையில், மாலையில் கோயிலில், ராத்திரி உறவினர் வீட்டில் பார்க்க வேண்டும். ஆள்களைத் தவிர்க்க முடியாது. பேச்சைத் தவிர்க்கலாம், வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். இரண்டையும் செய்யுங்கள்.

முதலில் விலகல். ஒப்பீட்டு அட்டவணையை நீங்கள் தயாரிக்கக் கூடாது. டெண்டர் போடுபவர் ஒருவருக்கும் எனக்கும் குடும்பத் தொடர்பு இருக்கிறது, ஆகவே இந்தப் பணியின் மதிப்பீட்டிலிருந்து என்னை விடுவிக்க வேண்டும் என்று தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 நலமுரணை, அதாவது சொந்த உறவோ நலனோ பணிக்குக் குறுக்கே வருவதை, அறிவிப்பதை நேர்மைக் கோட்பாட்டின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கின்றன. மாநில அலுவலகத்திலும் அப்படிக் கேட்பதை யாரும் தவறு சொல்ல மாட்டார்கள். இங்கே உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது, வருந்தாதீர்கள். அவர் கட்டிய கல்லூரிக் கட்டணம் உதவியா, கடனா? கடன் என்றால் அடைத்தாகிவிட்டதா? இன்னும் பாக்கி இருக்குமானால் அதையும் அந்தக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். நன்றிக்கடன் யாருக்கும் இருக்கும். பணக்கடன் இருந்து அதை மறைத்தால்தான் நாளை அது உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

அடுத்தது பேச்சு. கொடியேற்றத்துக்கு முன்பே, அவர் கேட்பதற்கு முன்பே, நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம், நேரில், பெரியம்மாவும் இருக்கும்போது. "பெரியப்பா, அன்றைக்குத் தண்ணீரைப் பற்றி நான் சொன்னது தவறு. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த விவரம் எல்லாருக்கும் போகும். இந்த டெண்டர் முடியும்வரை அதைப் பற்றி நாம் பேச வேண்டாம். சந்தேகம் இருந்தால் டெண்டர் இணையதளத்தில் எழுதிக் கேளுங்கள்." இதைவிட ஒரு வார்த்தை கூடவோ குறையவோ வேண்டாம். முகம் வாடலாம். ஆனால் இத்தனை வருடம் தொழில் செய்த ஒப்பந்ததாரருக்கு இந்த விதி நம்மைவிட நன்றாகவே தெரியும். தான் படிக்க வைத்த பெண் அதைத் தன்னிடமே சொல்கிறாள் என்பது அவருக்கு முதல் நாள் உறுத்தினாலும், பிறகு உறுத்தாது என்றுதான் நம்புகிறேன். அவர் உங்களைப் படிக்க வைத்தது ஒரு போன் பதிலுக்காக இல்லையே.

விருந்துக்கு வரட்டும். வருடா வருடம் வருகிறவரை இந்த வருடம் தடுப்பதுதான் ஊர் வாயில் வேறு கதையாகும். முற்றத்தில் எல்லாரோடும் பந்தியில் சாப்பிடட்டும். தனியாக அறையில் உட்கார்ந்து பேச வேண்டாம். பண்டிகைக்கு என்று அவர் கொண்டுவரும் புடவையை இந்த முறை வாங்காதீர்கள். அம்மாவிடம் கொடுத்தாலும் அதேதான். அவர் காரில் தேர்ப்பவனிக்குப் போகாதீர்கள். நடந்து போங்கள், ஊரே நடந்துதானே போகிறது.

வேலை அவருக்குக் கிடைக்காமல் போகலாம். அப்போது ஆறுதலுக்காகக்கூட மற்றவர்களுடைய உறையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடாதீர்கள். முடிவில் குறை இருப்பதாக நினைத்தால், உத்தரவு கிடைத்த பத்து நாள்களுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை சட்டத்தில் அவருக்கு இருக்கிறது. அந்த வழியைக் காட்டினால் போதும்.

அவருக்கே கிடைத்துவிட்டால் உங்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பணி நடக்கும்போது அளவுப் புத்தகத்தில் அளவு எழுதிக் கையெழுத்துப் போடும் பொறுப்பை வேறொரு பொறியாளருக்குக் கொடுக்கச் சொல்லி, வேலை ஆணை வருவதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். அடித்தளம் தோண்டி முடித்த பிறகு கேட்டால், அதுவரை எழுதிய அளவுகளை எல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.